கோட்டைக் கதவைத் திறந்தவன்

என் கணவர் சரித்திரம் எழுதினார். அவருடைய வேலை அதுவல்ல. வேலை சேலம் ஜங்ஷனில், சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. எந்த வண்டியில் நிலக்கடலை போயிற்று, எந்தப் பெட்டியில் மஞ்சள் நனைந்து வந்தது என்று பகலெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார். சாயங்காலம் சூரமங்கலத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த ரயில்வே வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால், பழைய காலத்துப் படைகள் எல்லாம் மலையேறத் தொடங்கிவிடும்.

நான் ராசிபுரத்துக்குத் தெற்கே, தோட்டமும் மானாவாரிக் காடும் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். ஐந்தாவது வரை படித்திருந்தேன். அவருடைய குடும்பமும் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பண்ணையம் பார்ப்பதுதான். அண்ணன்மார் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் ஒருவர்தான் படித்து ரயில்வேக்குப் போனார். கையில் மண் ஒட்டாத பிள்ளை என்று அவர் வீட்டில் ஒரு குறை இருந்தது. எனக்குக் கல்யாணம் பேசும்போது, "மாப்பிள்ளை என்னமோ எழுதுவாராம்" என்று என் அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். அம்மா அதைக் குடிப்பழக்கம் போல ஒன்று என்று நினைத்துக்கொண்டு, நிறைய எழுதுவாரா, எப்போதாவது எழுதுவாரா என்று விசாரித்தாள்.

நிறையத்தான் எழுதினார். சேலத்தில் வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையில் முதலில் எழுதினார். பிறகு அதே அச்சாபீஸ்காரர் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டார். எங்கள் பக்கத்து மலைக்கோட்டைகள், மைசூர்க்காரர்களுக்கும் கும்பினிக்காரர்களுக்கும் நடந்த சண்டைகள், பஞ்சம் வந்த வருஷங்கள், இவைதான் அவருடைய விஷயங்கள். அதற்கு முன்பு சரித்திரம் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது என்றே ஜனங்கள் நினைத்திருந்தார்கள். இவர் எழுதினால் மலைமேல் இருந்த சிப்பாய் கம்பங்களி தின்பான். மழை பெய்து வெடிமருந்து நனையும். தளபதிக்குப் பல்வலி வரும். படிக்கிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கள் வீதியில் குடியிருந்த எஞ்சின் டிரைவர் ஒருவர், வாரம் பிறந்தால் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, அந்தத் தளபதி பொழைச்சானுங்களா, இல்லீங்களா? எனக்கு மட்டும் சொல்லிப்போடுங்க" என்று கேட்பார். இவர் சொல்லமாட்டார். எனக்குத் தெரியும். நானும் சொல்லமாட்டேன்.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், எழுதுவதற்கு முன்னால் அவர் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். நான் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். கதை சுவாரசியமான இடத்துக்கு வந்தால் என் கை தானாக நின்றுவிடும். கை நின்ற இடத்தை அப்படியே எழுதுவார். நிற்காத இடத்தை மாற்றுவார். இந்த ரகசியத்தை வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

ஆபீஸில் வாய் திறக்காத மனிதர். மேடையில் ஏற்றிவிட்டால் வேறு ஆள். ஒருமுறை ஆத்தூரில், அரிசி மில் களத்தில் சமுக்காளம் விரித்துக் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். பெண்கள் தனியாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். மலைக்கோட்டையில் தண்ணீர் தீர்ந்துபோன கதையை அவர் சொல்லச் சொல்ல, என் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து போய் மில் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இனி நான் சொல்லப்போகிற கோட்டை நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. அடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரில் ஒரு வீட்டை மறுபடியும் விரல் காட்டுவார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அந்தக் கோட்டையைப் பற்றி எழுத ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். சுனைகள், இடிந்த கொத்தளம், இரும்புப் பூண் போட்ட பெரிய கதவு இருந்த இடம் எல்லாவற்றையும் படம் போட்டு வைத்துக்கொண்டார். ஊருக்குள் போகவில்லை. போகத் தோன்றவில்லை என்று பிற்பாடு சொன்னார். சேலத்துக் கல்லூரியில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. கும்பினிப் படையில் இருந்த ஒரு துரை எழுதியது. அதில் அந்தக் கோட்டையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. கோட்டைக் கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டது, படை உள்ளே நுழைந்தது. அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் ஓர் அத்தியாயம் எழுதினார். இடி, மழை. கதவுக்குக் காவல் இருக்கும் கோட்டைவாசல்காரன். வெள்ளி வெற்றிலைப் பெட்டி ஒன்று அவனுக்குக் கைமாறுகிறது. தூங்குகிற சிப்பாய்களைத் தாண்டி நடக்கிறான். தன் சொந்த மகனும் அங்கே தூங்குவதைப் பார்க்கிறான். ஒரு கணம் நிற்கிறான். பிறகு தாழ்ப்பாளில் கை வைக்கிறான். இதைச் சொன்ன அன்று என் கை நின்றது மட்டுமில்லை, கத்தரிக்காயே உருண்டு போய்விட்டது.

"இது அந்தப் புத்தகத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"கதவு தொறந்தது இருக்குது அம்மிணி. தொறந்தவன நாந்தான் போட்டேன்."

"வாசல்காரன்தான் தொறந்தானுங்களா?"

"வாசல்காரன உட்டா வேற ஆரு தொறக்க முடியும்?"

சரியாகத்தான் பட்டது. புத்தகம் வெளிவந்து, அவர் எழுதியதிலேயே அதிகம் விற்றது அதுதான். எடப்பாடிப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் அந்த அத்தியாயத்தைக் கூத்தாகவே கட்டிவிட்டார்கள். திருவிழாவுக்குத் திருவிழா ஆடினார்கள். கோட்டைவாசல்காரன் வேஷம் போடுகிறவன் தாழ்ப்பாளைத் தொட்டதும் ஜனங்கள் மண்ணை வாரி அவன்மேல் எறிவார்களாம். இவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில், ஒரு மத்தியானம், வாசலில் ஆள் சத்தம் கேட்டது. தலைப்பாகையும் குடையுமாக ஒரு பெரியவர். ஐம்பது வயதிருக்கும். பின்னால் ஒரு பெண், இருபது வயதுக்குள். அவர் மகள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஐயா ஊட்ல இருக்கறாருங்களா?"

"ஆபீஸுக்குப் போயிருக்கறாருங்க. சாயங்காலந்தான் வருவாரு. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். வெயிலில் வந்தவர்கள் என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். பெரியவர் கும்பிட்டார்.

"வேண்டாமுங்க. பேசிப்போட்டு அப்பறம் குடிக்கறமுங்க. பேச்சு எப்படிப் போகுதோ."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. நான் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பெரியவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை போட்டுத்தான் பேசினார். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"எங்க ஊட்டுக்கு ஊருக்குள்ள கோட்டைவாசல் ஊடுன்னுதானுங்க பேரு. ஏன் அந்தப் பேருன்னு எங்கப்பனுக்கே தெரியாது. கோயல்ல மரியாதை குடுக்கறப்ப, 'கோட்டைவாசலாரே, வாங்க'ன்னு கூப்புடுவாங்க. இப்பவும் அதே பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. கூப்புட்டுப்போட்டுச் சிரிக்கறாங்க."

பெரியவர் மகள் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் பேசி, வெத்தல பாக்கு மாத்தியாச்சுங்க. மாப்பள ஊர்ல கூத்து நடந்துச்சு. அதப் பாத்துப்போட்டு, காட்டிக்குடுத்த ரத்தம் எங்க ஊட்டுக்கு ஆகாதுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. ஏனுங்க, உங்க ஊட்டுக்காரருக்கு நாங்க என்ன பண்ணுனமுங்க?"

அதற்கு நான் என்ன பதில் சொல்லமுடியும்? அவர் உங்களை நினைத்து எழுதவில்லை என்று மட்டும் சொன்னேன். பெரியவர் மகளைப் பார்த்து, "படிச்சுக் காட்டு சாமி" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகள் படித்துக் காட்டித்தான் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது.

அந்தப் பெண் பழைய பத்திரிகைத் தாளில் அட்டை போட்ட புத்தகத்தை மடியிலிருந்து எடுத்தாள். முதலில் ஒப்பிப்பதுபோல் வேகமாகப் படித்தாள். மழை வந்ததும் அவள் குரல் நிதானப்பட்டது. வெற்றிலைப் பெட்டி வந்ததும் தணிந்தது. தூங்குகிற மகனைப் பார்த்து அவன் நிற்கிற இடத்தில் அவளும் நிறுத்தினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். தன் கல்யாணத்தைக் கெடுத்த பக்கத்தை அவள் அவ்வளவு நன்றாகப் படித்தாள். அவளால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை.

முடிந்ததும் பெரியவர் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கறாருங்க. அதுதான் எங்களுக்கு வினையாப் போச்சு."

சாயங்காலம் இவர் வந்தார். நான் வாசலிலேயே நடந்ததைச் சொல்லி உள்ளே அழைத்துவந்தேன். பெரியவர் எழுந்து நின்றார். இவரும் உட்காரவில்லை.

"நான் உங்க ஊட்ட நெனச்சு எழுதலீங்க. அப்படி ஒரு ஊடு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"தெரியாதுங்கறது எனக்கும் தெரியுதுங்க. எங்க முப்பாட்டன் தொறந்தாருன்னு ஆதாரம் இருக்குதுங்களா? அத மட்டும் சொல்லுங்க. இருந்தாத் தலயத் தொங்கப்போட்டுட்டுப் போயிடறனுங்க."

இவர் சமாளித்திருக்கலாம். இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னால் அந்த மனிதர் நம்பியிருப்பார். இவர் அதைச் செய்யவில்லை.

"இல்லீங்க. கதவு தொறந்துச்சுன்னு மட்டுந்தான் இருக்குது. மத்ததெல்லாம் நான் கட்டுனது."

பெரியவர் முகம் மாறியது. அதுவரை இருந்த அமைதி போய்விட்டது. ஆதாரம் இருக்கும் என்றே நினைத்து வந்திருக்கிறார். இல்லை என்றதும்தான் கோபம் வந்தது. அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"அப்ப இத எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க. இங்க எங்ககிட்டச் சொல்லி என்னாகப் போகுதுங்க?"

"வாரனுங்க" என்றார் இவர்.

அதன் பிறகு பெரியவர் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். நாமக்கல் வரை பஸ். அங்கிருந்து பெரியவர் அனுப்பிய கூண்டு வண்டி. குன்று கண்ணுக்குத் தெரிந்ததும் வழக்கமாகக் கையை நீட்டிக் கொத்தளம், சுனை என்று காட்டுகிறவர், அன்று வண்டிக்காரனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. புத்தகம் எழுதினவர் வந்திருக்கிறார் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் பெண்களோடு கோயில் மதில் ஓரமாக நின்றேன். மாலை போட்டார்கள். இவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"கோட்டைக் கதவு உள்ளிருந்து தொறந்துச்சுன்னு ஒரு தொர எழுதி வச்சிருக்கறான். அதுக்கு மேல ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க. வெத்தலப் பொட்டி நான் போட்டது. தாழ்ப்பாள எடுத்த கையி நான் போட்ட கையி. இந்த ஊட்டுப் பெரியவங்க அப்படிச் செஞ்சாங்கங்கறதுக்கு எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லீங்க. அப்படி எழுதுனது எம்பட தப்பு."

முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். அப்போது முன்னால் இருந்த ஒருவர் கேட்டார்.

"செரீங்க. அப்பறம் தொறந்தது ஆருங்க?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா எப்படிங்க? கதவு தானாத் தொறந்துக்குமுங்களா?"

"ஆரோ தொறந்திருக்கறாங்க. ஆருன்னு எனக்குத் தெரியாது."

"எழுதறப்பத் தெரிஞ்சுது, இப்பத் தெரியலீங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "கோட்டைவாசலாரு வண்டியிலதான ஐயா வந்து எறங்குனாரு!" என்றது. சிரிப்பு எழுந்தது. பெரியவர் இவருக்குக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டார் என்கிற பேச்சு அந்த இடத்திலேயே பிறந்ததை நான் என் காதால் கேட்டேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து, கோபமாகவே கேட்டாள். "நான் அந்தக் கூத்தப் பாத்து அழுதனுங்க. பொய்யின்னா நான் அழுதது என்னத்துக்குங்க?"

கூட்டம் கலைந்தது. பெரியவர் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அந்தப் பெண்தான் பரிமாறினாள். வெளியே என்ன பேசினார்கள் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஆனால் சோற்றை வஞ்சகம் இல்லாமல் போட்டாள். பெரியவர் கை கழுவிவிட்டு வந்து இவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஜனங்களுக்குத் தெரியாதுங்கற வார்த்த ஆகலீங்க. ஒண்ணு பண்ணுங்க. எங்க முப்பாட்டன் கதவ மறிச்சு நின்னு வெட்டுப்பட்டுச் செத்தாருன்னு எழுதிப்போடுங்க. அதுக்கும் ஆதாரம் இல்ல. மொதல்ல எழுதுனதுக்கு மட்டும் இருந்துச்சுங்களா?"

இவர் யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

யோசித்தார். எழுதவும் எழுதினார். அதே மழை. அதே கதவு. வெற்றிலைப் பெட்டியை வாசல்காரன் காலால் எட்டி உதைக்கிறான். மகனை எழுப்பி, அப்பனும் மகனுமாகக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறார்கள். வழக்கம்போல் வாசற்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். பழையதைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அனுப்புங்க. நாளைக்கே அனுப்புங்க" என்றேன்.

"அனுப்பறதா இல்ல அம்மிணி."

"ஏனுங்க? அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீங்கல்ல? ஒரு பொய்யில கெட்டது இன்னொரு பொய்யில சரியாச்சுன்னா ஆருக்கு என்ன நட்டம்?"

"இவங்க மறிச்சு நின்னாங்கன்னா, வேற ஆரோ தொறந்திருக்கோணும். பக்கத்து ஊட்டுக்காரன் புள்ளயக் கூட்டிக்கிட்டு வருவான். அவனுக்கு என்ன சொல்றது?"

"ஆரையும் தொறக்க வெக்காதீங்க."

"கோட்டை விழுந்தது நெசமாச்சே."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. எழுதும்போது இல்லாத நியாயம் திருத்தும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெகுநாள் அவரிடம் வேண்டிய பேச்சு மட்டும் பேசினேன். சாயங்காலம் வாசற்படிக்கு வந்தால் நான் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன். அவர் எழுதிய தாள்கள் அலமாரியில் கிடந்தன. யுத்தத்தில் தாளுக்குப் பஞ்சம் வந்தபோது அவற்றின் பின்பக்கத்தில்தான் மற்றவை எழுதினார்.

புத்தகத்தைத் திருத்தினார். அந்த அத்தியாயத்தில் மழையை மட்டும் விட்டுவைத்தார். அந்த நாட்களில் மழை பெய்ததாகத் துரையின் புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் இருந்ததாம். கதவு உள்ளிருந்து திறந்தது, இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை, முதல் பதிப்பில் எழுதியதை யாரும் நம்ப வேண்டாம் என்று போட்டார். அச்சாபீஸ்காரர் கைப்பிரதியைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார். "ஐயா, நல்லா ஓடற வண்டிய நடுக்காட்டுல நிறுத்திட்டீங்களே" என்றார். பழைய பிரதிகள் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளினார். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. தாள் கட்டுப்பாடு. திருத்திய பதிப்பு யுத்தம் பாதி நடந்த பிறகுதான் வந்தது. பழுப்புத் தாள், பொடி எழுத்து. கூத்துக்காரர்கள் புதுப் பதிப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் 'தெரியவில்லை' என்பதற்கு எப்படி வேஷம் கட்டுவார்கள்?

அதற்குப் பிறகு அவர் எழுதிய எல்லாம் அந்த மாதிரிதான். சிப்பாய் கம்பங்களி தின்றான் என்று எழுதினால், அந்தக் காலத்தில் அங்கே கம்பு விளைந்தது என்பதால் இப்படி ஊகிக்கிறேன் என்று பக்கத்திலேயே எழுதுவார். வாரப் பத்திரிகைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் டிரைவர் வாசலில் வந்து நிற்பதை விட்டுவிட்டார். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில், கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி ஆத்தூருக்கு மறுபடியும் பேசப் போனோம். பாதிக் களம் காலியாக இருந்தது. நடுவில் ஒருவர் எழுந்து, "சாமி, அந்தக் கதவு தொறந்த கதையச் சொல்லுங்க" என்றார். இவர் துரையின் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினார். ஜனங்கள் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். வராது என்று தெரிந்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

ஒன்று மட்டும் அவருக்குச் சந்தோஷம். 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதின இடங்களுக்கெல்லாம் கடிதம் வந்தது. கோட்டைக் கதவைத் திறந்தவன் பக்கத்து ஊர்க்காரன் என்று ஓர் ஊர்க்காரர்கள் எழுதினார்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த ஊர்க்காரனையே சொன்னார்கள். கதவைத் திறக்கவே இல்லை, உள்ளே இருந்த யானை மிரண்டு முட்டியது என்று ஒருவர் எழுதினார். ஆபீஸிலிருந்து வந்து இவற்றை எனக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் மனத்தாங்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. யானைக் கதைக்கு என் கை நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, "போடமாட்டேன், ஆசப்படாத" என்றார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் மார்கழியில் அவர் செத்துப்போனார். முந்தின நாள்கூட ஆபீஸுக்குப் போனார். நெஞ்சில் என்னமோ செய்கிறது என்றார். டாக்டருக்குச் சொல்லி அனுப்புவதற்குள் முடிந்துவிட்டது. ரயில்வேக்காரர்கள், அச்சாபீஸ்காரர், முகம் தெரியாத ஜனங்கள் எல்லாரும் வந்தார்கள். கோட்டைவாசல் வீட்டுப் பெரியவரும் வந்தார். கூடவே மயானம்வரை போனார்.

பிறகு சேலத்தில் ஒரு மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் நடத்தினார்கள். என்னை முன்வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார வைத்தார்கள். ஒரு பிரசங்கி எழுந்தார். நம் ஜில்லாவுக்குச் சரித்திரத்தைத் தந்தவர் என்றார். அவர் கைவண்ணத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன் என்று, அந்த அத்தியாயத்தைத் தலைகீழாக ஒப்பித்தார். மழை, வெள்ளிப் பெட்டி, தூங்கும் மகன், தாழ்ப்பாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தேன். பெரியவர் மடியில் குடையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வந்தார்.

"ஐயா போயிட்டாரு. அவரு பெத்துப்போட்ட அந்த வாசல்காரன் போகமாட்டேங்கறானுங்க" என்றார். வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ரயில்வே வீட்டைக் காலி செய்யவேண்டியிருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ராசிபுரத்துப் பக்கம் என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே ஒருநாள் அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். அவளை ஆத்தூருக்குக் கிழக்கே ஒரு நெல் வியாபாரி வீட்டில் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் புத்தகமும் போகவில்லை, கூத்தும் போகவில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் பெரியவர் கொடுத்தாராம். இடுப்பில் ஒரு குழந்தை. பேச்சில் கொஞ்சம் கிழக்கத்திச் சாயல் ஏறியிருந்தது.

"போன மாசம் அங்கயும் அந்தக் கூத்து வந்துடுச்சுங்க" என்றாள்.

"போனியா கண்ணு?"

"மாமியாரு கூப்புட்டாங்க. போகலைன்னா ஏன்னு கேப்பாங்களே. போய் உக்காந்தேன். அவன் தாழ்ப்பாளுல கை வெச்சதும், எங்க மாமியாரு எந்திரிச்சு, 'நீ நாசமாப் போக, உன் வம்சம் வெளங்காமப் போக'ன்னு மண்ண வாரி எறிஞ்சாங்க. எனக்கும் ஒரு புடி அள்ளிக் குடுத்தாங்க."

"நீ என்ன பண்ணுன?"

"நானும் எறிஞ்சனுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது. "எறியலைன்னாத்தான் சந்தேகம் வரும். ஆனாக்க, கையில மண்ணு இருக்கறப்ப எனக்கும் அவன்மேல நெசமாவே கோவந்தானுங்க. பெத்த புள்ள தூங்கறப்பப் போயி தொறக்கறானே!"

"ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருக்கியா?"

"அடுத்த நாளே சொல்லிட்டனுங்க. ஐயா திருத்திப் போட்ட புஸ்தகத்தயும் படிச்சுக் காட்டுனேன். அவரு கேட்டுப்போட்டு, 'உங்க ஊட்ல ஒரு கோட்டைக்கே காவல் இருந்தாங்களா, எங்கூட்ல நெல்லு மூட்டைக்குத்தான் காவல் இருந்தாங்க'ன்னாரு."

தம்பி மனைவி உள்ளே ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கீரைக் கடைசலும் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு, அவளே போய்த் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள்.